பட்டறை கேள்வி–பதில்: எழுதியதைச் செய்யணுமா, நினைத்ததைச் செய்யணுமா?

போன இதழில் உங்களிடம் ஒரு கேள்வி போட்டிருந்தேன். சிஎன்சி கண்ட்ரோலர் (எழுதிக் கொடுத்த கட்டளைப்படி வெட்டும் மெஷினின் மூளை) புரோகிராமில் எழுதியதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்ய வேண்டுமா, கொஞ்சம் சொந்தப் புத்தியும் காட்டலாமா என்று. பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பாதி கடிதம் மெஷினைத் திட்டி, மீதி கடிதம் மெஷினைத் திட்டுகிறவர்களைத் திட்டி. பதில் சொல்லத் தோதானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அதனால் எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

எங்கள் ஷாப்பில் இரண்டு விஎம்சி (செங்குத்து சிஎன்சி மில்லிங் மெஷின்). பழையதில் எக்ஸ்50 என்று புள்ளி வைக்காமல் அடித்தால் 0.05 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. புதியதில் 50 மில்லி நகர்கிறது. பழைய மெஷினுக்கு அறிவில்லை என்கிறார் சூப்பர்வைசர். எது சரி ஐயா?
– ஓசூர்

இரண்டும் சரியில்லை தம்பி. ஏன் என்று சொல்கிறேன். இந்தப் புள்ளி என்னிடம் நல்ல விலை வாங்கியிருக்கிறது.

பழையதற்கு அறிவில்லை என்று சொல்லாதீர்கள், அதற்கு வயசு அதிகம், அவ்வளவுதான். அமெரிக்காவில் எம்ஐடி கூடத்தில் 1952-ல் முதல் என்சி (எண் கட்டளையில் ஓடும்) மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டியபோது புரோகிராம் வந்தது ஓட்டை போட்ட காகித நாடாவில். பின்னால் பட்டறைகளுக்கு வந்த நாடாவில் ஒரு எழுத்துக்கு ஒரு வரிசை ஓட்டை, அங்குலத்துக்குப் பத்து எழுத்து. ஒரு தசமப் புள்ளி வைத்தால் 2.54 மில்லி நாடா போச்சு. நீள நீளமான புரோகிராமில் இது சின்னக் கணக்கில்லை. அதனால் புள்ளியே இல்லாமல், கடைசி இலக்கம் மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 50 என்றால் 50 மைக்ரான். 50 மில்லி வேண்டுமா, 50000 என்று எழுது. அந்தப் பழக்கம் நாடா போன பிறகும் போகவில்லை. ஃபானுக் கம்பெனி கண்ட்ரோலில் 3401-ஆம் பாராமீட்டரில் (மெஷினின் அமைப்பு எண்) பூஜ்ஜியமாவது பிட் (0 அல்லது 1 வைக்கும் சுவிட்ச் மாதிரி) இதற்குத்தான் இருக்கிறது. அது 0 என்றால் மைக்ரான், 1 என்றால் கால்குலேட்டர் மாதிரி, 50 என்றால் 50. ஹாஸ் கம்பெனி மெஷினில் இது 162-ஆம் செட்டிங். உங்கள் இரண்டு மெஷினும் ஒரே புத்தி உள்ளவையாகக்கூட இருக்கலாம், யாரோ ஒரு பிட்டை மாற்றி வைத்திருப்பார்கள்.

இப்போது என் கதை. 1998, கோயம்புத்தூர், ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனி. அங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விஎம்சி. ஒன்று கால்குலேட்டர் முறை, மற்றது மைக்ரான் முறை. நான் எழுதிக்கொண்டிருந்தது முதல் மெஷினில். அங்கே புள்ளி வைத்தாலும் 50, வைக்காவிட்டாலும் 50. கை சோம்பேறியாகிவிட்டது. ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) வேகத்துக்குப் புள்ளி வேண்டாம், டூல் நம்பருக்கு வேண்டாம், ஃபீடுக்கும் (டூல் வெட்டிக்கொண்டு நகரும் வேகம்) வேண்டாம். எஃப்100 என்றால் நிமிஷத்துக்கு 100 மில்லிதான். அப்படியிருக்க எக்ஸுக்கும் (பக்கவாட்டு நகர்வு) இசட்டுக்கும் (மேல்–கீழ் நகர்வு) மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்? சில வரியில் வைத்தேன், சில வரியில் விட்டேன். ஆறு மாதம் பீஸ் பீஸாக ஓடியது, ஒரு குறை இல்லை.

ஒருநாள் அந்த மெஷினில் வேறு ஜாப் ஏற்றியிருந்தார்கள். புரோகிராமைப் பக்கத்து மெஷினுக்கு அனுப்பி ஓட்டச் சொன்னார்கள். அனுப்பினேன். ஜாப்பில் (வெட்ட வேண்டிய துண்டில்) இரண்டு பாக்கெட் (பள்ளம்), நடுவில் அதைப் பிடித்திருக்கும் ஒரு கிளாம்ப், ஜாப்பின் மேல்முகத்துக்கு மேலே 20 மில்லி நிற்கும். முதல் இறக்கம் 'இசட்50.' – புள்ளியோடு. சரியாக வந்து நின்றது. முதல் பாக்கெட் அழகாக வெட்டியது. அப்புறம் டூலைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது பாக்கெட்டுக்குப் போக வேண்டும். அந்த வரியில் 'ஜி00 இசட்50'. புள்ளி இல்லை.

டூல் தூக்கியது. எவ்வளவு தூக்கியது? ஜாப்பின் மேல் 0.05 மில்லி. ஒரு தலைமுடி கனம். பார்த்தால் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த மாதிரிதான் தெரியும். அடுத்த வரி ரேபிட் (ஜி00, வெட்டாமல் முழு வேகத்தில் நகர்வது), நிமிஷத்துக்கு 15 மீட்டர். நொடிக்குக் கால் மீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் விரல் நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பட்டனுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, அது ஒரு கிலோமீட்டர் மாதிரி. 16 மில்லி எண்ட் மில் கிளாம்பில் மோதி இரண்டாக உடைந்து, மேல் பாதி ஹோல்டரோடு போய் ஸ்டட்டை வளைத்துவிட்டு நின்றது. சத்தம் வந்த பிறகு ஷாப்பில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களே, அதுதான் எனக்கு மறக்கவில்லை. ஸ்பிண்டில் டேப்பரில் டயல் வைத்துப் பார்த்தபோது 4 சென்ட் (0.04 மில்லி) கோணலாக ஓடியது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிவரச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இதில் மெஷின் தப்பு செய்ததா? எழுதியதை ஒரு மைக்ரான் பிசகாமல் செய்தது. ஆனால் புள்ளி இல்லாத '50' என்பது முழுசான உத்தரவே இல்லை. ஐம்பது எது என்று தெரியாதபோது ஒரு மெஷின் மைக்ரான் என்று ஊகிக்கிறது, இன்னொன்று மில்லி என்று ஊகிக்கிறது. என்னைக் கேட்டால், புள்ளி இல்லாத ஆக்சிஸ் எண்ணைப் பார்த்தவுடன் 'இது என்ன அளவு?' என்று அலாரம் போட்டு நிற்க வேண்டும். கண்ட்ரோலர் எழுதியதைச் செய்யட்டும், இல்லாவிட்டால் நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவே புகுந்து ஒன்றை நினைத்துக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷாப்பில் எல்லா மெஷினும் ஒரே முறையில் இருக்கட்டும். எந்த முறை என்றால் நான் கால்குலேட்டர் பக்கம். காரணம் இது. கால்குலேட்டர் மெஷினில் யாராவது மைக்ரான் புரோகிராமைப் போட்டால், முதல் இறக்கத்திலேயே இசட்50000 வரும். அதாவது 50 மீட்டர் மேலே. மெஷின் கூரையைப் பிய்த்துக்கொண்டா போகும்? மேலே ஏறி எல்லையில் ஓவர் டிராவல் அலாரம் அடித்து நின்றுவிடும். தப்பு உடனே வெளியே வரும். மைக்ரான் மெஷினில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, கிளாம்ப் வரும்வரை காத்திருக்கும். ஒரு எச்சரிக்கை: பிட்டை மாற்றும் முன் மெமரியில் இருக்கும் பழைய மைக்ரான் புரோகிராம் அத்தனையையும் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் அடுத்த கடிதம் வேறு மாதிரி வரும்.

நானே கட்டிய மரம் வெட்டும் ரௌட்டரில் லினக்ஸ்சிஎன்சி கண்ட்ரோல் சாஃப்ட்வேர் போட்டு மரப் பெயர்ப்பலகை வெட்டுகிறேன். 'ப', 'ட' எழுத்துகளின் மூலை மழுங்கி வருகிறது. 'ப' பார்க்க 'U' மாதிரி ஆகிவிடுகிறது என்று வாடிக்கையாளர் குறைசொல்கிறார். புரோகிராமில் மூலை நேராகத்தான் இருக்கிறது.
– காரைக்குடி

முதலில் டூலைப் பாருங்கள். 6 மில்லி கட்டரால் பள்ளம் தோண்டினால் உள்மூலையில் 3 மில்லி ஆரம் நிற்கத்தான் செய்யும், அதற்குக் கண்ட்ரோலர் பொறுப்பில்லை. வி-பிட்டால் (கூர்முனைக் கட்டர்) எழுத்தின் கோட்டிலேயே ஓட்டும்போதும் மூலை உருள்கிறது என்றால் விஷயம் வேறு.

'ப'வின் இடது காலில் கீழே வந்து வலப்பக்கம் திரும்பும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்தின்படி அந்தப் புள்ளியில் ஒய் ஆக்சிஸ் சட்டென்று நிற்க வேண்டும், எக்ஸ் சட்டென்று முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். எடை உள்ள எதற்கும் அது நடக்காது. ஒன்று, மூலையில் முழுசாக நின்று கிளம்ப வேண்டும். இல்லை, கொஞ்சம் முன்னாலேயே திரும்பி மூலையை அறுத்துக்கொண்டு போக வேண்டும். முதலாவது ஜி61, இரண்டாவது ஜி64. லினக்ஸ்சிஎன்சியில் ஜி64-ஐ வெறுமனே எழுதினால், எவ்வளவு விலகினாலும் பரவாயில்லை, வேகத்தை விடாதே என்று அர்த்தம். உங்கள் போஸ்ட் (டூல் பாதையை மெஷின் வரிகளாக மாற்றும் சாஃப்ட்வேர்) அதைத்தான் முதல் வரியில் போட்டிருக்கும். பாருங்கள்.

அப்படியானால் ஜி61-ஐயே போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுத்து கருகும். 'ழ', 'ஞ' போல வளைவு உள்ள எழுத்தை கேம் சாஃப்ட்வேர் (வரைபடத்திலிருந்து டூல் பாதை போடுவது) குட்டிக் குட்டிக் கோடுகளாக நறுக்கித்தான் தரும். ஒரு கோடு 0.1 மில்லி என்று வையுங்கள். மெஷினின் முடுக்கம் நொடிக்கு நொடி 1000 மில்லி. ஒவ்வொரு துண்டிலும் நின்று கிளம்பினால், பாதி தூரம் ஏறி பாதி தூரம் இறங்க 0.02 நொடி. சராசரி நொடிக்கு 5 மில்லி, நிமிஷத்துக்கு 300. நீங்கள் எழுதியதோ எஃப்3000. பத்தில் ஒரு பங்கு. பிட் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி தேக்கு கறுத்துப்போகும். பாதையை அப்படியே பின்பற்றினால் வேகத்தை மீறுகிறது, வேகத்தைப் பின்பற்றினால் பாதையை மீறுகிறது. இரண்டையும் நீங்கள்தான் எழுதினீர்கள்.

ஆகவே எவ்வளவு விலகலாம் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள்: ஜி64 பி0.05. பாதையிலிருந்து 5 சென்டுக்கு மேல் போகாதே, அதற்குள் எவ்வளவு வேகம் முடியுமோ போ. பலகைக்கு இது தாராளம். 'ப', 'ட', 'ம' மூலை கத்தி மாதிரி வேண்டும் என்றால் அந்த இடத்தில் மட்டும் ஜி61 போட்டு, திரும்ப ஜி64-க்கு வந்துவிடுங்கள். டை வெட்டும் பெரிய மெஷின்களிலும் இதே பேரம்தான் நடக்கிறது. ஹைடன்ஹைன் கண்ட்ரோலில் சைக்கிள் 32, சீமென்ஸ் கண்ட்ரோலில் சைக்கிள்832, இரண்டிலும் முதலில் கேட்கப்படுவது டாலரன்ஸ்தான், அதாவது எவ்வளவு விலகலாம் என்பதுதான். மெஷினுக்குச் சலுகை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சலுகை எத்தனை மைக்ரான் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

நான் டிரெய்னி. லேத்தில் த்ரெட் (மரை) வெட்டும்போது சத்தம் வித்தியாசமாகக் கேட்டதால் ஃபீட் ஹோல்டு அழுத்தினேன். நிற்கவே இல்லை. மெஷின் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன். சீனியர் அண்ணா சிரிக்கிறார்.
– அம்பத்தூர்

சிரிக்கிற அண்ணாவும் முதல் தடவை பயந்திருப்பார், கேட்டுப் பாருங்கள் அம்மணி. மெஷின் கெடவில்லை.

1.5 பிட்ச், 800 ஆர்பிஎம் என்றால் டூல் நிமிஷத்துக்கு 1200 மில்லி ஓடியே ஆக வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லி, அதுதான் த்ரெட். நடுவில் டூல் மட்டும் நின்றால் ஜாப்பைப் பிடித்திருக்கும் சக் சுற்றிக்கொண்டே இருக்கும், டூல் நின்ற இடத்தில் ஒரு வளையம் வெட்டி, இன்சர்ட் (டூலின் வெட்டும் நுனி) முனை போகும். அதனால் பெரும்பாலான லேத்தில் அந்தப் பாஸை முடித்து, டூலை வெளியே எடுத்த பிறகே ஹோல்டு வேலை செய்யும். ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழைத் திருகினாலும் த்ரெட்டில் கண்டுகொள்ளாது. ஜி84 டாப்பிங்கிலும் (ஓட்டைக்குள் மரை வெட்டுவது) அப்படியே, ஓட்டைக்குள் டாப் இருக்கும்போது ஃபீடை மட்டும் நிறுத்தினால் டாப் மிஞ்சாது. விரலுக்கும் புரோகிராமுக்கும் சண்டை வந்தால் இந்த ஒரு இடத்தில் மெஷின் புரோகிராம் பக்கம் நிற்கிறது. நியாயம்தான்.

சிவப்பு எமர்ஜென்சி பட்டனுக்கு மட்டும் இது பொருந்தாது. அதை அழுத்தினால் த்ரெட்டாவது டாப்பாவது, எல்லாம் நிற்கும். ஜாப் போகும், இன்சர்ட் போகும், போகட்டும். ஆபத்து என்று தோன்றினால் அதைத்தான் அடிக்க வேண்டும். யாராவது திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

ஆப்பரேட்டர்கள் ஓவர்ரைடைக் குறைத்து வைத்து ஓட்டுகிறார்கள். 4 நிமிஷ ஜாப் 6 நிமிஷம் ஆகிறது. எம்49 போட்டு ஓவர்ரைடைப் பூட்டிவிட்டால் மெஷின் புரோகிராமில் உள்ள ஃபீடைத்தானே ஓட்டும்?
– கோவை, சிட்கோ

ஓட்டும். காஸ்டிங்கில் ஹார்டு ஸ்பாட் (கெட்டிப்பட்ட இடம்) வந்தாலும் அதே ஃபீடில் ஓட்டும். உங்கள் புரோகிராமருக்கு அந்த ஸ்பாட் எங்கே என்று தெரியாது, உங்கள் ஃபவுண்டரிக்காரருக்கே தெரியாது, மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் காதுக்குத்தான் தெரியும். குறைத்து வைக்கிறார்கள் என்றால் முதலில் போய், எந்த டூலில், எந்த வரியில் குறைக்கிறார்கள் என்று ஒரு ஷிஃப்ட் நின்று பாருங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் குறைத்தால் புரோகிராமில் ஃபீட் தப்பு. ஆளுக்கொரு இடத்தில் என்றால் கம்பெனியில் வேறு பிரச்சினை, அதற்கு எம் கோடு கிடையாது.

ஜி00-ல் எக்ஸ், ஒய் இரண்டும் ஒரே வரியில் கொடுத்தேன். நேர்கோட்டில் போனால் கிளாம்பைத் தொடாது. ஆனாலும் இடித்தது.
– திருச்சி, அரியமங்கலம்

ஜி00 நேர்கோட்டில் போகும் என்று உங்களிடம் சொன்னது யார்? பல மெஷினில் ஒவ்வொரு ஆக்சிஸும் தன் முழு வேகத்தில் தனித்தனியாக ஓடும். எக்ஸ்300. ஒய்100. என்றால் முதல் 100 மில்லி 45 டிகிரியில் சாய்வாக, ஒய் முடிந்ததும் மீதி 200 எக்ஸ் மட்டும். நாய்க்கால் மாதிரி வளைந்து போகும். ஃபானுக்கில் 1401-ஆம் பாராமீட்டரில் ஒன்றாவது பிட்டை 1 ஆக்கினால் நேர்கோடு. ஆனால் எழுதும்போதே கிளாம்புக்கு மேலே தூக்கிவிட்டு நகர்த்துங்கள். அடுத்த ஷாப்பில் அந்த பிட் என்ன நிலையில் இருக்குமோ.

ஏஐ இவ்வளவு வளர்ந்துவிட்டது. புரோகிராமில் உள்ள தவறை கண்ட்ரோலரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாமே? இன்னும் ஏன் அலாரம் அடித்துக்கொண்டிருக்கிறது?
– சேலம், இன்ஜினீயரிங் மாணவர்

கண்டுபிடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்துவதில்தான் எனக்குச் சங்கடம்.

ஒரு அரைவட்டம் எழுதுகிறீர்கள். தொடக்கம் எக்ஸ்0., மையம் எக்ஸ்10., முடிவு எக்ஸ்20. ஆரம் 10. கை தவறி முடிவை 21 என்று அடித்துவிட்டீர்கள். இப்போது தொடக்கத்திலிருந்து ஆரம் 10, முடிவிலிருந்து 11. அப்படி ஒரு வட்டமே கிடையாது. கண்ட்ரோலர் எதைத் திருத்தும்? முடிவைத் திருத்தினால் ஒரு ஜாப், மையத்தை 10.5 ஆக்கினால் இன்னொரு ஜாப், இரண்டையும் விட்டுச் சுருள் மாதிரி விரித்துக்கொண்டு போனால் மூன்றாவது ஜாப். மூன்றும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அசெம்பிளியில் ஒன்றுதான் உட்காரும். ஃபானுக் இங்கே 20-ஆம் அலாரம் அடித்து நிற்கும். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பது 3410-ஆம் பாராமீட்டரில். அங்கே பூஜ்ஜியம் இருந்தால் சோதனையே இல்லை, அதையும் பார்த்து வையுங்கள். கேம் மூன்று தசமத்தில் வெட்டி எழுதுவதால் ஓரிரு மைக்ரான் முன்பின் வரும், அதற்கும் அலாரம் அடித்தால் வேலை நடக்காது. அதற்குத்தான் அந்த எண்.

இந்தப் புத்தி நாடாக் காலத்திலேயே இருந்தது. ஈஐஏ, ஐஎஸ்ஓ என்று ஓட்டை போட இரண்டு முறை உண்டு. ஈஐஏ நாடாவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓட்டை எண்ணிக்கை ஒற்றைப்படை, ஐஎஸ்ஓ நாடாவில் இரட்டைப்படை. எண்ணெய்க் கை பட்டு நாடா கிழிந்து ஒரு ஓட்டை கூடினாலோ அடைத்தாலோ கணக்கு இடிக்கும். ரீடர் அங்கேயே நிற்கும். 3 ஆக இருக்குமோ 8 ஆக இருக்குமோ என்று யோசிக்காது. நாங்கள் நாடாவைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை எண்ணுவோம்.

ஜி96 போட்டால் ஜி50 கண்டிப்பாகப் போட வேண்டும் என்கிறார்கள். ஒரு வரி மிச்சம் பிடித்தால் என்ன?
– ராணிப்பேட்டை

ஜி96 எஸ்200 என்றால் வெட்டும் இடத்தில் எப்போதும் நிமிஷத்துக்கு 200 மீட்டர். 50 மில்லி விட்டத்தில் 1273 ஆர்பிஎம். ஃபேசிங்கில் டூல் உள்ளே போய் விட்டம் 5 ஆனால் 12,732. மையத்தைத் தொடும்போது கணக்குப்படி முடிவே இல்லை. 2000 ஆர்பிஎம்முக்கு மேல் போகாதே என்று ஜி50 எஸ்2000 எழுதாவிட்டால், ஸ்பிண்டிலின் உச்ச வேகம் வரை சக் போகும். சக்கின் தாடைகள் வேகம் கூடக் கூட பிடியை விடும். எழுதியதை அப்படியே செய்யும் மெஷினிடம் எல்லையை எழுதாமல் விடாதீர்கள்.

முதல் பீஸ் ஓட்டும்போது நீங்கள் எதைப் பார்ப்பீர்கள், ஜாப்பையா, ஸ்க்ரீனையா?
– ஈரோடு

சிங்கிள் பிளாக் (ஒரு வரி முடிந்ததும் நிற்பது) ஆன், ரேபிட் 25 சதவீதம், இடது கட்டைவிரல் ஃபீட் ஹோல்டின் மேல். தொட்டுக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் இல்லை. டூல் ஜாப்புக்கு மேலே ஒரு கை உயரத்தில் வரும்போது ஹோல்டு போட்டு, ஸ்க்ரீனில் 'டிஸ்டன்ஸ் டு கோ' பக்கத்தைப் பார்ப்பேன். இன்னும் எவ்வளவு இறங்கப் போகிறது என்று மெஷின் அங்கே எண்ணில் சொல்லும். கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி 60 மில்லி, ஸ்க்ரீனில் மீதி 10 என்றால் ஸ்டார்ட் பட்டனைத் தொடலாம். மீதி 59.95 என்றால் ரீசெட் அடித்துவிட்டு, எந்த வரியில் புள்ளியைக் காணோம் என்று தேடப் போவேன்.